பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

கம்பியில் பறக்கிற மாதிரி விமானத்தை ஒருவர் தனியாகப் பறக்கவிட முடியாது. ஏரோமாடலிங் என்றதும் இன்று எல்லோருக்கும் ரிமோட் கண்ட்ரோல்தான் நினைவுக்கு வருகிறது என்பதால் இதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். நான் சொல்வது ‘கண்ட்ரோல் லைன்’ என்ற பழைய வகை. விமானத்தின் இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வரும். நீளம் 15லிருந்து 18 மீட்டர். மறுமுனையில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடுவில் நிற்க, விமானம் உங்களைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். கட்டுப்பாடு அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு குட்டிக்கரணம் போடவும், தலைகீழாகப் பறக்கவும், ஆகாயத்தில் எட்டு எழுதவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

சிக்கல் ஆரம்பத்தில்தான். என்ஜினை முடுக்க நீங்கள் விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுவதற்கோ 18 மீட்டர் தள்ளி வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு நீங்கள் அங்கே நடந்துபோய், கைப்பிடியை எடுத்து, வாலில் உள்ள எலிவேட்டர் சரியாக அசைகிறதா என்று பார்த்துத் தலையசைக்கும்வரை யாராவது ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலிட்டு, வாலுக்குச் சற்று முன்னால், இரண்டு கைகளாலும். என்ஜின் கக்கும் எண்ணெய்ச் சாரல் முழுக்க அவர் முகத்தில்தான் விழும். தலையசைப்பு வந்ததும் விட வேண்டும். தள்ளக் கூடாது, விட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் பல விமானங்களை உடைத்திருக்கிறார்கள். தரையில் முளை அடித்து, கொக்கி மாட்டி, நடுவிலிருந்து கயிற்றை இழுத்து விடுவிக்கிற உபாயம் ஒன்று உண்டு. எங்கள் கூட்டத்தில் அதை யாரும் மதித்ததில்லை. ஆள் கிடைக்காதவன் செய்கிற வேலை என்பார்கள்.

1974இலிருந்து 1988வரை பெங்களூரில் நான் அந்த ஆளாக இருந்தேன். நான் ஒரு வங்கி குமாஸ்தா. மற்றவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு தொழில் இருந்தது. எனக்கு இருந்தது சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே. நானும் விமானங்கள் கட்டினேன். அவை பறக்கவும் செய்தன. ஆனால் என் விமானங்கள் பறந்த நேரத்தைவிட மற்றவர்களின் விமானங்களை நான் பிடித்திருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும்.

அப்போதைய பெங்களூர் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே அமைந்த ஊர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வந்தது. 1942இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானவியல் துறை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் அந்த ஊரில் இருந்தன. அவற்றில் சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் சும்மா இருக்க மறுத்தன.

ஜாலஹள்ளிக்கு வடக்கே ஓர் ஏரிதான் எங்கள் மைதானம். பிப்ரவரியில் வற்றத் தொடங்கி ஜூன்வரை காய்ந்து கிடக்கும். ஏரியை இழப்பது பெங்களூருக்குப் பழக்கமான விஷயம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகியது, சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகியது. எங்கள் ஏரி பிற்பாடு அடுக்குமாடிகளாகியது. ஆனால் அன்று, மாட்டுக் குளம்படிகள் இறுகிப்போன அந்தத் தரை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நண்பர்களின் பெயர்களை எழுதப் போவதில்லை. பெரும்பாலோர் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ. அதோடு, அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை.

முதலில் டர்னர். அல்சூர்க்காரர், வட ஆற்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்கு அண்ணா. கல்கத்தாவில் இந்தியாஸ் ஹாபி சென்டர் என்ற நிறுவனம் ‘அரோரா’ என்ற பெயரில் சிறிய என்ஜின்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கக் கூடியவை அவைதான். அவற்றைப் பிரித்து, பிஸ்டனைத் தேய்த்து, இரண்டு மடங்கு உயிரோடு திருப்பித் தருவார் டர்னர். பிஸ்டன் சிலிண்டருக்குள் தன் எடையால் மெதுவாக, நின்று நின்று இறங்க வேண்டும். “குழந்தை தூங்கற மாதிரி எறங்கணும் தம்பி” என்பார். தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் சோற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரத்தை அதற்குத் தந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சிறு என்ஜின்களுக்கு ‘டீசல்’ என்று பெயர். ஸ்பார்க் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்திலேயே ஈதர் பற்றிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை என்ஜினின் தலையில் உள்ள ஒரு திருகினால் சரிசெய்ய வேண்டும். ஆள்காட்டி விரலால் புரொப்பெல்லரைச் சுண்ட வேண்டும். விரலை எடுப்பதில் கொஞ்சம் தாமதித்தால் அது திருப்பி அடிக்கும். அந்தக் காலத்தில் எங்களில் எல்லோருக்கும் வலது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருந்தது. கல்யாண வீடுகளில் பந்தியில் இலையில் கை வைக்கும்போது எதிரில் இருப்பவர் நம்மவரா என்று கண்டுபிடித்துவிடலாம்.

மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைத்தது. விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஈதர்தான் பிரச்சினை. மயக்க மருந்தை ஒரு வங்கி குமாஸ்தா எதற்காக வாங்குகிறான் என்று எந்த மருந்துக் கடைக்காரருக்குத்தான் சந்தேகம் வராது? இங்கேதான் டாக்டர் வருகிறார். மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோம் வைத்திருந்த கன்னடக்காரர். அறுவை அரங்கில் எப்படியோ தெரியாது, ஏரியில் அவர் கைப்பிடியைப் பிடித்தால் நாங்கள் எங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு புட்டி ஈதர் அவர் உபயம். விளக்கெண்ணெயையும் அவர் மருந்துக் கடையிலிருந்துதான் கொண்டுவருவார், நிறமே இல்லாமல் தண்ணீர் போல இருக்கும். மற்றவர்கள் ஊற்றியது செக்கு எண்ணெய். அது என்ஜின் மேல் கருப்பாகப் படியும். டாக்டரின் எண்ணெய் தேன் நிறத்தில் படியும் என்று பாய் சொல்வார்.

பாய் சிவாஜிநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் விமானங்களின் சக்கரங்களைத் தாங்கிய கால்களெல்லாம் அவர் கடை ஸ்போக்ஸ் கம்பிகள். தானாக விமானம் கட்டியதே இல்லை. யாருடையது உடைந்தாலும் அவர்தான் முதலில் ஓடுவார், ஒரு பழைய சாக்குப் பையோடு. சிதறியதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போடுவார். ஒரு சிறு துண்டைக்கூட விடமாட்டார். பால்சா மரம் அப்போது அவ்வளவு அருமையான பொருள். எக்வடார் நாட்டு மரம், தேக்கின் எடையில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்களில் அது நம் ஊருக்கு வருவது சில நேரம் புத்தக பார்சலில், சில நேரம் யாருடைய அத்தானோ வெளிநாட்டிலிருந்து திரும்பும் பெட்டியில். இல்லாத மாதங்களில் மூங்கில். இறக்கைக்கு மேல் போர்த்த மெல்லிய தாள் கிடைக்காவிட்டால் சிக்பேட்டையில் பட்டுத் துண்டு வாங்கிவந்தோம். அதில் பெங்களூர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்களில்லை.

வாரன்ட் ஸார் பஞ்சாபி. விமானப் படையில் வாரன்ட் ஆபீஸராக ஓய்வு பெற்று ஜாலஹள்ளியிலேயே தங்கிவிட்டவர். என்ஜின் சத்தம் அவருக்குப் பிடிக்காது. கிளைடர்தான் அவர் மதம். 50 மீட்டர் கயிற்றில் பட்டம் போல இழுத்து ஏற்றி, உச்சியில் கழற்றிவிட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார். அந்தக் கிளைடருக்குக் கம்பியும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. போனது போனதுதான். வெயிலில் சூடேறி எழும் காற்றோட்டத்தில் சிக்கிக்கொண்டால் மேலேயே போய்க்கொண்டிருக்கும். அதற்காக வாலில் ஒரு திரி கட்டுவார்கள். அது எரிந்து ஒரு ரப்பர் வளையத்தை அறுத்ததும் வால் நிமிர்ந்து, கிளைடர் பிரேக் போட்டாற்போலத் தட்டையாகக் கீழே இறங்கும். வாரன்ட் ஸார் திரிக்குப் பதில் ஊதுபத்தி கட்டினார். ஒரு அங்குலம் எத்தனை நிமிடம் எரியும் என்று ஒவ்வொரு கம்பெனி பத்திக்கும் தனிக் கணக்கு வைத்திருந்தார். மைசூர் பத்திகளை நம்பலாம் என்பது அவர் முடிவு.

ஒரு ஏப்ரலில் பத்தி அணைந்துவிட்டது. கிளைடர் வெள்ளைப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் ஆயிற்று. ஒன்பது நாள் கழித்து அவருக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. இறக்கையில் விலாசம் எழுதி ஒட்டுவது வழக்கம். ஹெசரகட்டா பக்கத்து ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் கன்னடத்தில் எழுதியிருந்தார்: பறவை பத்திரமாக இருக்கிறது, பிள்ளைகள் பார்த்து முடித்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பார்த்து முடிக்க இரண்டு வாரமாயிற்று. வாரன்ட் ஸார் அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காகித விமானம் செய்யக் கற்றுக்கொடுத்து வந்தார்.

மாருத் போர் விமானத்தைப் பற்றி அவருக்கு ஒரு பிரியமான கதை உண்டு. ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் பெங்களூரில் அதை வடிவமைத்தபோது, ஜெட் விமானத்தைக் கட்டுவதற்கு முன் 1959இல் அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, இன்னொரு விமானத்தால் இழுத்து மேலே கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூனில்தான் உண்மையான மாருத் பறந்தது. இது முழுக்க நிஜம். “பார்த்தாயா பேட்டா, சர்க்காரே ஏரோமாடலிங் செய்கிறது. நம்மை மட்டும் பைத்தியம் என்கிறார்கள்” என்பார்.

ஏரிக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. வட்டத்துக்கு அருகே மின்கம்பி போகக் கூடாது. எஃகுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், உயர் அழுத்தக் கம்பியில் பட்டால் ஆள் பிழைக்க மாட்டான். உலகத்தில் பல இடங்களில் அப்படி இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறரைக்கு ஏரியைச் சுற்றி நடந்து, புதிதாகக் கம்பம் எதுவும் முளைக்கவில்லை என்று பார்த்த பிறகே எங்களை உள்ளே விடுவார்.

இன்னும் சிலர் உண்டு. பிரிட்டனில் 1935இலிருந்து வெளிவந்த ‘ஏரோமாடலர்’ பத்திரிகையை வாங்கி, அதன் வரைபடங்களை டிரேஸ் எடுத்து எங்களுக்கெல்லாம் தந்த ஓர் ஆங்கிலோ இந்திய ஆசிரியர். 1976இல் குடும்பத்தோடு பெர்த்துக்குப் போய்விட்டார். போகும்போது பியானோவை விற்றார், பத்திரிகைகளை எங்களுக்கு விட்டுப்போனார். அவர்தான் எங்களுக்கு வழக்குக் கதையைச் சொன்னது. கண்ட்ரோல் லைனைத் தானே கண்டுபிடித்ததாகக் காப்புரிமை வாங்கியிருந்த அமெரிக்கர் ஜிம் வாக்கர், இன்னொரு கம்பெனிமேல் வழக்குப் போட்டார். ஆனால் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் 1937லேயே அப்படிப் பறக்கவிட்டிருந்தது நிரூபணமாகி, 1955இல் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இதைக் கேட்ட டர்னர் தீர்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்த ஆளுக்கு விமானத்தைப் பிடிச்சவன் யாருன்னு கோர்ட்ல கேட்டாங்களா?” என்றார்.

ரேடியோ கண்ட்ரோல் 1981இல் வந்தது. டாக்டரின் தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு செட் கொண்டுவந்தார். நாங்கள் வியந்தோம், அதைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டோம். கம்பியில்லாமல் ஒரு விமானம் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு மறுபடி வட்டத்துக்குள் சுற்றுவது கொஞ்ச நாளைக்குச் சிரமமாகவே இருந்தது. டர்னர் சீட்டுப் பணம் எடுத்து ஒரு பழைய செட் வாங்கினார். எட்டு மாதம் எடுத்துக்கொண்டு ஒரு விமானம் கட்டினார். ஐந்தடி இறக்கை, பட்டுப் போர்வை, மஞ்சள் வண்ணம்.

அந்தக் காலத்து செட்களில் ஒரு கஷ்டம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால், ஆகாயத்தில் இருக்கிற விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதனால் ஏரியலில் வண்ணக் கொடி கட்டுவது, கேட்டுவிட்டே சுவிட்சைத் தொடுவது என்று முறைகள் இருந்தன. மஞ்சள் விமானம் மூன்றாவது முறையாகப் பறந்துகொண்டிருந்த 1982ஆம் வருட ஞாயிறு ஒன்றில், திடீரென்று மூக்கைக் கவிழ்த்து ஏரிக்கரையில் குத்தியது. அப்போது டாக்டர் தன் செட்டை ஒரு விருந்தினருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டீர்களா என்று டர்னர் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். “உன் ஒயர் ஒட்டைப் பார். பற்றவைத்தது விட்டிருக்கும்” என்றார்.

டாக்டர் சுவிட்சைப் போட்டார் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பிறகு நடந்தது அதற்காக இல்லை. ஒட்டைப் பற்றிச் சொன்னதற்காக. இருபது வருடம் கைவேலையில் குறை கேட்காத மனிதரிடம் அதைச் சொன்னார். பாய் சாக்கோடு ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். டர்னர் பையை வாங்கிக்கொண்டு, சைக்கிளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ரேடியோவை அதற்குப் பின் அவர் தொடவில்லை. டாக்டரிடம் ஏழு வருடம் பேசவில்லை.

சண்டை என்றால் இரண்டு பேரில் ஒருவர் வராமல் போவதுதான் வழக்கம். இவர்கள் இருவருமே வந்தார்கள். ஏரியின் மேற்கே டாக்டர், கிழக்கே டர்னர். வாரன்ட் ஸார் சமாதானம் பேசிப் பார்த்து, பிறகு கிளைடரைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. ஈதர் நிற்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு டாக்டர் என்னிடம் புட்டியைக் கொடுப்பார், விளக்கெண்ணெயையும் சேர்த்து. “அங்கே கொடுத்துவிடுங்கள்” என்பார். பெயர் சொல்ல மாட்டார். டாக்டரின் என்ஜின் தேய்ந்தால் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடம் தருவார், நான் அல்சூருக்குக் கொண்டுபோவேன். டர்னர் அதைக் கையில் வாங்கியதுமே யாருடையது என்று தெரிந்துகொள்வார். ஒன்றும் கேட்க மாட்டார். அடுத்த வாரம் பிஸ்டன் குழந்தை தூங்குகிற மாதிரி இறங்கும். கூலி என்று ஒரு முறை டாக்டர் கொடுத்தனுப்பிய நோட்டை அதே கைக்குட்டையில் மடித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறை டாக்டர் முயலவில்லை.

இப்படி ஆறு வருடம். இருவருடைய விமானங்களையும் நான்தான் பிடித்தேன். ஒருவருடையதை விட்டுவிட்டு, முகத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, ஏரியைக் குறுக்கே கடந்து மற்றவரிடம் போவேன்.

1988இல் என்னை ஹூப்ளிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் ஒரு நாள் பாயிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. மகளை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிறு டி.வி.யில் கிரிக்கெட். பையன்கள் யாரும் ஏரிக்கு வரவில்லை. வாரன்ட் ஸார் ஊருக்குப் போயிருந்தார். டாக்டரின் ரேடியோ செட் பழுதாகி இருந்ததால் பழைய கண்ட்ரோல் லைன் விமானத்தை எடுத்துவந்திருந்தார். பிடிக்க ஆளில்லை. பாய்க்கு முழங்கால் வலி, உட்கார முடியாது. டாக்டர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு முளையையும் சுத்தியலையும் எடுத்து ஏரித் தரையில் அடிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம் டர்னருக்குக் கேட்டிருக்க வேண்டும். கிழக்கே இருந்து நடந்து வந்தார். முளையைப் பிடுங்கினார். தூர எறிந்தார். முழங்காலிட்டு விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் என்ஜினைச் சுண்டினார். மூன்றாவது சுண்டலில் ஓடியது. நடுவுக்குப் போய்க் கைப்பிடியை எடுத்துத் தலையசைத்தார். டர்னர் விட்டார். ஆறு நிமிடம் பறந்தது. இறங்கியதும் டர்னர் தன் துணியாலேயே இறக்கை எண்ணெயைத் துடைத்துவிட்டு, “கம்ப்ரஷன் ஜாஸ்தியா இருக்குது டாக்டர், கால் திருகு கொறைங்க” என்றார். பாயின் மகள் இதற்கு அடியில் ‘அப்பா அழுகிறார், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

நான் பெங்களூரிலேயே இருந்திருந்தால் அன்று விமானத்தை நான் பிடித்திருப்பேன். இருவரும் பேசாமலே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மற்றவை சீக்கிரம் சொல்லக் கூடியவை. வாரன்ட் ஸார் 1994இல் போனார். நான் ஊர் ஊராக மாற்றலாகி, 2003இல் திரும்பியபோது ஏரிக்குக் குறுக்கே சாலை வந்திருந்தது. 2008இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்ததும் வடக்குப் பக்கத்து நிலத்தின் விலை எங்கேயோ போயிற்று. மாதிரி விமானம் விடுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே, இன்னும் வெளியே என்று இடம் தேடுவதே வேலையாகிவிட்டது.

டாக்டர் இறந்தது 2007இல். சாவு வீட்டில் மாலைகளோடு வந்தவர்கள் கூடத்தில் நின்றார்கள். டர்னரைக் காணோம். பின்கட்டில் டாக்டரின் கொட்டகையில் இருந்தார். விமானங்களை ஒவ்வொன்றாக இறக்கி, எரிபொருள் குழாயைக் கழற்றி, டாங்கில் மிச்சமிருந்ததை வெளியே மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஈதர் புட்டியையும் தோட்டத்து மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார். “தலைமாட்ல விளக்கு ஏத்துவாங்க தம்பி. வீட்ல இது இருக்கக் கூடாது” என்றார். வேலை முடிந்து, கை கழுவிக்கொண்டு, அதன் பிறகுதான் முகம் பார்க்க உள்ளே போனார்.

அதற்குச் சில வருடங்களில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. முதலில் வலது, பிறகு இரண்டும். பார்க்கின்ஸன் என்றார்கள். பிஸ்டன் தேய்த்த கைகளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் போனால் என்ஜின்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அவை நடுங்குவது போல் இருக்கும். ஒரு நாள் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். 2022இல் அவர் காலமானார்.

அண்ணி ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். இரண்டு டிரங்குப் பெட்டிகள், பரண்மேல் ஆறு விமானங்கள். பழைய இரும்புக்காரனுக்குப் போட மனசில்லை என்றார். பேரன் உதவிக்கு வந்து இறக்கினான். அவனிடம் 250 கிராமுக்குள் அடங்குகிற ஒரு டிரோன் இருக்கிறது. நல்ல பையன், பொறுப்பானவன். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று எனக்கு விளக்கினான். டிரோன் விவகாரத்தில் நம் அரசு முதலில், 2014 அக்டோபரில், ஒரே அறிவிப்பில் தனியார் யாரும் பறக்கவிடக் கூடாது என்றது. பிறகு 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் தாராளமானவை. பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் பறக்கவிடும் மாதிரி விமானங்களையும் அவை தனியாகக் குறிப்பிடுகின்றன. நாட்டு வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவிட்டார்கள். பையன் செல்போனில் காட்டினான். எங்கள் ஏரி இருந்த இடத்தைத் தேடினேன். விமானப் படைத் தளங்களுக்கு நடுவில் அங்கே பச்சை இல்லை. வாரன்ட் ஸார் இருந்தால் காலை ஆறரைக்கு இதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

பெட்டியின் அடியில் ஒரு சாக்குப் பை இருந்தது. உள்ளே மஞ்சள் பட்டு ஒட்டிய மரத் துண்டுகள். 1982இல் பாய் பொறுக்கியது. ரிசீவரும் ஒயர்களும் அப்படியே. எல்லா ஒட்டுகளும் இறுக்கமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒரு சிறு புள்ளி, சோதித்துப் பார்த்த அடையாளம். எப்போது சோதித்தார், சோதித்துவிட்டும் எத்தனை மாதம் டாக்டருக்குப் பிஸ்டன் தேய்த்துக் கொடுத்தார் என்பதைக் கேட்க ஆளில்லை.

அவர் எனக்குக் கொடுத்த என்ஜின் இறுகிப் போயிருந்தது. விளக்கெண்ணெய் நாளானால் அரக்கு போலாகிவிடும். சுத்தியல் வைக்கக் கூடாது. தின்னரில் இரண்டு நாள் ஊறவைத்து, வெந்நீரில் வைத்து எடுத்து, மெதுவாகத் திருப்பினேன். பிஸ்டன் நின்று நின்று இறங்கியது. புரொப்பெல்லர் இல்லாமலே விரலால் சுழற்றினால் அந்தப் பழைய ‘டொப்’ சத்தம் வருகிறது. ஓட்டிப் பார்க்க ஈதர் வேண்டும். ஆஸ்பத்திரிகள் அதை விட்டு வெகுகாலமாயிற்று.

போன மாதம் அதைச் சிவாஜிநகருக்கு எடுத்துப்போனேன். பாய்க்கு எண்பது தாண்டிவிட்டது. கடையில் மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிறான். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை. என்ஜினைக் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். கழுவின பிறகும் துடுப்புகளுக்கு இடையில் கொஞ்சம் படிவு மிச்சமிருந்தது. அதை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

“டர்னர் என்ஜின்,” என்றார். “எண்ணெய் டாக்டருது.”